விரிசல் கண்ட வார்ப்பிரும்பு

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் ரயிலில் பயணம் செய்தவர்கள், திருக்காளத்தியை அடைவதற்கு முன்னால் ஏர்பேடு என்னும் சிறு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். சென்னை ராஜதானியின் சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த இவ்வூர், 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. தம் ஊரை விட்டு அடியெடுத்து வைக்காமலேயே வெளிமாநிலத்துத் தமிழராகிவிட்ட குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் பல உண்டு. மலையாள சுவாமிகள் 1926-இல் நிறுவிய வியாசாசிரமத்தால் பெயர் பெற்ற ஏர்பேடு, இந்நாளில் திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தாலும் அறியப்படுகிறது.

ஆனால் நான் இன்று பேச வந்தது ஆசிரமத்தைப் பற்றியும் அன்று, கழகத்தைப் பற்றியும் அன்று, இரும்பைப் பற்றி. ஏர்பேட்டுக்கும் காளத்திக்கும் இடையில் ராச்சகுன்னேரி என்ற இடத்தில், இரும்பை உருக்கிக் குடிநீர்க் குழாய்கள் வார்க்கும் பெரிய ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே வார்க்கப்படும் குழாய் சம்மட்டி அடியைத் தாங்கும். நெளியுமேயன்றி எளிதில் விள்ளாது. அந்த ஆலையைக் கடந்து செல்லும் பழைய லாரி ஒன்றின் எஞ்சினுக்குள் இருக்கும் வார்ப்பிரும்போ, கொதித்திருக்கும் நேரத்தில் ஒரு குடம் குளிர்ந்த நீர் பட்டால் விண்டுபோகக் கூடியது. இரண்டும் இரும்பே, இரண்டும் அச்சில் வார்த்தவையே. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி ஆலைகளில் நடந்தது. அதன் சிறு பகுதி, நாம் அதிகம் பேசாத பகுதி, சாலையோரப் பட்டறைகளில் நடந்தது.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுக் கொல்லர்கள் இரும்பில் வல்லவர்கள். கொடுமணல் அகழ்வில் உருக்கு செய்த மூசைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டு உருக்கு கடல் கடந்து சென்று வாளாகியது. ஆயினும் அவர்கள் இரும்பை ஆறாக ஓடவிட்டு அச்சில் ஊற்றியவர்கள் அல்லர். அவர்களுடைய மண் உலையில் இரும்பு முழுவதும் உருகுவதில்லை. கசடோடு கூடிய பஞ்சு போன்ற கட்டியாக வெளிவரும். அதனைக் காய்ச்சி அடித்து அடித்துக் கசட்டை நீக்கினால் தேனிரும்பு. அது வளையும், நீளும், இரண்டு துண்டுகளைச் செஞ்சூட்டுக்கும் மேலே காய்ச்சி ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்தின் பட்டா அறுந்தாலும், கொழு முனை உடைந்தாலும், கொல்லன் கண்ட வைத்தியம் ஒன்றுதான்: துருத்தியும் சம்மட்டியும்.

வார்ப்பிரும்பு இந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படாதது. அதை உலையில் காய்ச்சிப் பட்டடைக்கல்லில் வைத்து அடித்தால் ஒட்டாது. பொரிவிளங்காய் உருண்டை போலச் சிதறும். பரம்பரைக் கைப்பழக்கம் இங்கே உதவவில்லை என்பது மட்டும் அன்று, கெடுதலும் செய்தது.

வார்ப்பிரும்பைப் பெரிய அளவில் தமிழ்நாட்டு மண்ணிலேயே காய்ச்ச முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஊதுலை அமைத்தார். சேலத்துக் காந்தக்கல் கனிமம் அவருக்கு மூலப்பொருள், எரிபொருள் மரக்கரி. இரும்பு நன்றாகவே வந்தது, இங்கிலாந்துக்கும் சென்றது. ஆனால் காட்டை வெட்டி உலையை எரிக்கும் தொழில் எத்தனை நாள் நிலைக்கும்? கரிக்கு மரம் அருகியது, செலவு ஏறியது. அந்த நூற்றாண்டு முடிவதற்கு வெகு முன்னரே உலைகள் அவிந்துபோயின. அதன் பிறகு வார்ப்பிரும்பு நமக்குப் பெரும்பாலும் கப்பலில் வந்த பொருளாயிற்று. மாடிவீட்டுத் தூண், தெருக்குழாய், கரும்பாலை உருளை, கடைசியாக மோட்டார் எஞ்சின் என்று அது நம் வாழ்வில் புகுந்தது. பொருள் வந்தது, அதைப் பழுது பார்க்கும் வித்தை உடன் வரவில்லை.

அது ஏன் விள்ளுகிறது என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்த உதாரணத்தால் சொல்லலாம். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கைதவறிக் கல்தரையில் போட்டவர்களுக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அதன்மேல் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் அந்தக் குணம் தெரியும். சாதாரண வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கரி கலந்திருக்கிறது. இரும்பு இறுகும்போது அந்தக் கரி, பென்சிலில் இருக்கும் கிராபைட்டாக, மெல்லிய செதில்களாகப் பிரிந்து உள்ளே படிந்துவிடுகிறது. ஒவ்வொரு செதிலும் இரும்பின் உடலுக்குள் இருக்கும் ஒரு கூரிய பிளவு என்றே கொள்ளலாம். அழுத்தினால் தீங்கில்லை, அதனால்தான் தூணுக்கு அது ஏற்றது. இழுத்தாலோ, ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தாலோ, ஒரு செதிலின் முனையிலிருந்து அடுத்ததன் முனைக்கு விரிசல் தாவிச் செல்லும். இந்தக் குறைக்கு ஈடாக வேறு நன்மைகள் உண்டு. ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்திலேயே அது உருகி ஓடும். தேனிரும்புக்கு 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். எத்தனை நுணுக்கமான அச்சிலும் புகுந்து நிரம்பும், அதிர்வை விழுங்கும், செதில்களே மசகு போல் உதவுவதால் பிஸ்டன் உராய்ந்தாலும் எளிதில் தேயாது. மோட்டார் எஞ்சினுக்கு இவை கிடைத்தற்கரிய குணங்கள். ஆகவே எஞ்சினைச் செய்தவர்கள் அதன் கோபத்தையும் பொறுத்துக்கொண்டு அதையே கட்டிக்கொண்டார்கள்.

மோட்டார் தென்னாட்டுக்கு வந்த கதை நீங்கள் அறிந்ததே. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கினார், ஜி. டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தப் பட்டறை உண்டு. ஒரே பஸ்ஸைக் கடனில் வாங்கி ஓட்டியவர் நிலைமை வேறு. எஞ்சினின் சிலிண்டர் பிளாக்கில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று விழுந்தால், ரேடியேட்டரில் ஊற்றிய நீர் எண்ணெயோடு கலக்கும். வண்டி அன்றோடு நின்றது. புதிய பிளாக் கடல் கடந்து வரவேண்டும். அது வந்து சேரும்வரை கடனுக்கு வட்டி நிற்குமா?

திருப்பதிப் பக்கத்தில் இந்தத் தொல்லை வருவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. திருமலைக்கு வண்டி செல்லும் மலைப்பாதை 1944 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாதைக்குத் திட்டம் தந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யர். திறந்துவைத்தவர் சென்னைக் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். அதுவரை அலிபிரியிலிருந்து படியேறிச் சென்ற யாத்திரிகர்கள், அதன்பின் பஸ்ஸில் ஏறிச் செல்லலாயினர். வளைவுக்கு வளைவு முதல் கியரில் முக்கி முனகிச் செல்லும் அந்தக் காலத்து எஞ்சின், பாதி வழியிலேயே கொதிக்கும். அனுபவமுள்ள டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டு, ஆவி அடங்கிய பின் செம்பு செம்பாக நீர் விடுவார். அவசரக்காரர் மூடியைத் திறந்து ஒரே மூச்சில் குடத்தைச் சாய்ப்பார். நீரறையின் மெல்லிய சுவர் சட்டென்று சுருங்கும். அதை ஒட்டியுள்ள கனத்த பகுதி சூட்டோடு விரிந்தபடியே இருக்கும். அப்போது கேட்கும் அந்தச் சிறிய ‘டிக்’ என்ற ஓசையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

சிம்லாவிலும் காசுமீரத்திலும் பணியாற்றும் நம்மவர்களுக்கு இதற்கு நேர் மாறான விபத்து பழக்கமாயிருக்கும். அங்கே இரவில் நீர் உறைந்து, பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய விரிந்து, பிளாக்கை உள்ளிருந்தே பிளந்துவிடும். குளிரால் ஆனாலும் சூட்டால் ஆனாலும் விரிசல் விரிசல்தான்.

மலைப்பாதை திறந்த நேரமோ யுத்த காலம். பெட்ரோலுக்குப் பங்கீடு, பல வண்டிகள் பின்னால் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. உதிரிப் பாகங்கள் கப்பலில் வருவது அரிதாயிற்று. யுத்தம் முடிந்த பின்னும் நிலைமை சீராகவில்லை. இந்நாட்டில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த அமெரிக்கக் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் 1950களின் முற்பகுதியில் அத்தொழிலை மூடிச் சென்றன. அவை விட்டுச்சென்ற செவர்லே, போர்டு வண்டிகளோ சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. சென்னைப் புதுப்பேட்டையும் கல்கத்தா மல்லிக் பஜாரும் பழைய பாகங்களின் சந்தைகளாகத் தழைத்ததற்கு இத்தகைய தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அங்கும் கிடைக்காததை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

ஒட்டுவது எப்படி? முதற்காலத்து உபாயம் ஒட்டுவதே அன்று, அடைப்பது. இரும்புத் தூளோடு நவச்சாரமும் சிறிது கந்தகமும் சேர்த்து நீர்விட்டுப் பிசைந்து விரிசலில் திணிப்பார்கள். அது துருப்பிடித்துப் பருத்து இறுகிக்கொள்ளும். அல்லது மேலே ஒரு தகட்டை வைத்து, செந்தூரம் குழைத்துப் பூசி, சிறு திருகாணிகளால் இறுக்குவார்கள். நீர் மட்டும் கசியும் இடத்துக்கு இது போதும். வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் இடத்துக்குப் போதாது.

உண்மையான மாறுதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் அசிட்டிலீன் வாயுவையும் பிராணவாயுவையும் கலந்து எரிக்கும் ஊதுகுழல் உருவானதோடு வந்தது. கார்பைடுக் கல்லில் நீர் சொட்டவிட்டு வாயு எடுக்கும் அந்த நெடி, நம் பட்டறைத் தெருக்களில் நெடுங்காலம் வீசியது. இந்தச் சுடரால் வார்ப்பிரும்பை உருக்க முடியும். ஆனால் உருக்க முடிந்ததாலேயே ஒட்டிவிட முடியும் என்று எண்ணியவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள். விரிசலை மட்டும் காய்ச்சி ஒட்டினால், ஒட்டிய இடம் ஆறிச் சுருங்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விட்டுக்கொடுக்காது. ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளிப் புதிய விரிசல் ஓடும். மேலும் விரைந்து ஆறும் இரும்பில் கரி செதிலாகப் பிரிய நேரம் கிடைப்பதில்லை. அது இரும்போடேயே சேர்ந்து, கண்ணாடியைப் போல் கடினமான வெள்ளை இரும்பாகிவிடும். அதில் அரம் ஏறாது. துளைப்பான் முனை மழுங்கும்.

இதிலிருந்து பட்டறைகள் கற்ற முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பழுதடைந்த பாகத்தை முதலில் நன்றாகச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுவார்கள். பின் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுவார்கள். விரிசலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்மையில் கறுத்த கோடாகத் தன் முழு நீளத்தையும் காட்டும். கண்ணுக்கு இரண்டு அங்குலம் தெரிந்த விரிசல் ஐந்து அங்குலமாக நீண்டு நிற்பதும் உண்டு. அந்தக் கோட்டின் இரு முனையிலும் சிறு துளை இடுவார்கள். கூரிய முனை வட்டமான துளையில் போய் முடிந்தால் விரிசல் மேலே ஓடாது. பிறகு கோடு நெடுகிலும் உளியால் வாய்க்கால் போல் செதுக்குவார்கள்.

அடுத்தது சூடேற்றுதல். செங்கல்லை அடுக்கி அடுப்புக் கூட்டி, மரக்கரியில் பாகம் முழுவதையும் மந்தமான செந்நிறம் காணும்வரை, அதாவது ஏறத்தாழ 600 டிகிரிவரை, மெதுவாகக் காய்ச்சுவார்கள். பல ஆண்டு எண்ணெயில் ஊறிய வார்ப்பு அப்போது புகையாகக் கக்கும். அந்த எண்ணெய் முழுவதும் எரிந்து தீரவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு நுரைத்துப் பொத்தலாகும். அனலிலேயே இருக்கும் அந்தப் பாகத்தின்மேல் குனிந்து, முகம் வேக, வார்ப்பிரும்புக் கம்பியையே உருக்கி வாய்க்காலை நிரப்புவார் பட்டறைக்காரர். காளத்திக்கு அருகிருந்து பேசுகிறோமாதலால் கண்ணப்பர் நினைவு வராமற் போகாது. கண்ணுக்குக் கண்ணையே இடந்து அப்பியவர் அவர்; இங்கேயும் வார்ப்புக்கு வார்ப்பே மருந்து.

பொறுமைக்குச் சோதனை இதற்குப் பின்தான். ஒட்டி முடிந்ததும் பாகத்தைச் சாம்பலிலோ சுண்ணத்தூளிலோ புதைத்து, மேலே கனமாக மூடி, ஓரிரவும் ஒரு பகலும் தொடாமல் வைப்பார்கள். பெரிய பிளாக்குக்கு இரண்டு நாளும் ஆகும். வண்டிக்காரர் வந்து வந்து கேட்பார். ஆசையால் சாம்பலை விலக்கிப் பார்த்தால் காற்றுப் பட்ட பக்கம் விள்ளும். இத்தொழிலில் கெட்டவை பலவும் நெருப்பில் கெட்டவை அல்ல, ஆறுவதற்குப் பொறுக்காமல் கெட்டவை.

சூளை மூட்ட வசதி இல்லாத இடத்தில் பித்தளை, வெண்கலக் கம்பியால் பற்றுவைப்பார்கள். அது 900 டிகிரியை ஒட்டியே உருகுவதால், இரும்பு உருகாமலேயே அதன்மேல் பற்றிக்கொள்ளும். பலம் நன்று, ஆனால் புகைபோக்கிக் குழாய் போல் எப்போதும் தணலாய்ச் சூடேறும் பாகத்துக்கு ஆகாது. மின்வில் பற்றவைப்பு பரவிய பின்னர், நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் ஒட்டி, சிறு சுத்தியால் தட்டி, கை பொறுக்கும்வரை ஆறவிட்டு, அடுத்த அங்குலம் ஒட்டும் முறை வந்தது.

மின்வில்லுக்கு உலகப் புகழ் தேடித் தந்த சம்பவம் ஒன்று உண்டு. 1917 ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்கா ஜெர்மனிமீது யுத்தம் தொடுத்தது. அமெரிக்கத் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்களின் மாலுமிகள், எதிரிக்கு அவை பயன்படலாகாது என்று, எஞ்சின்களின் மாபெரும் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை முன்கூட்டியே உடைத்து வைத்திருந்தனர். புதிதாய் வார்த்துப் பொருத்த ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கக் கடற்படையார் புதிதாய் வார்க்கவில்லை. உடைந்த விளிம்புகளில் எஃகு ஆணிகளைத் திருகி, அவற்றைப் பிடிப்பாகக் கொண்டு மின்வில்லால் ஒட்டினார்கள். அந்த ஆண்டு கழிவதற்குள் கப்பல்கள் அமெரிக்கச் சிப்பாய்களையே ஏற்றிக்கொண்டு கடலில் சென்றன. வார்ப்பிரும்பு உடைந்தால் தீர்ந்தது என்ற பழைய நம்பிக்கை அன்று உடைந்தது.

நெருப்பே இல்லாமல் தைப்பது இன்னொரு முறை. அமெரிக்காவின் எண்ணெய் வயல்களில் சுடரைக் கொளுத்தினால் கிணறே எரியும் என்பதால், 1930களில் இது வளர்ந்தது. விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, அத்துளை வரிசைக்குப் பொருந்தும் உலோகப் பூட்டுகளை அடித்து இறக்கி, பின் விரிசல் நெடுகிலும் ஒன்றையொன்று கவ்வும்படி திருகாணிகளைச் செலுத்திச் சமமாகத் தேய்த்துவிடுவார்கள். கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைப்பது போன்ற வேலை. சூடு இல்லாததால் கோணலும் இல்லை. அருங்காட்சிக்குரிய பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இதனையே பெரிதும் விரும்புகிறார்கள். கோவையில் ஜி. டி. நாயுடு பெயரால் அமைந்த கார் காட்சிசாலையில் வரிசையாக நிற்கும் பழைய வண்டிகளைப் பார்க்கும்போது, வெளியே மின்னும் வண்ணத்தைவிட உள்ளே இருக்கும் வார்ப்புகளின் ஆயுளையே நான் வியந்துகொண்டிருந்தேன்.

ஆயினும் எல்லாவற்றையும் ஒட்டலாம் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்க மாட்டேன். எஞ்சின் பிளாக் பிளந்தால் வண்டி நிற்கும். பிரேக் டிரம் பிளந்தால் வண்டி நிற்காது. அதுவும் பெரும்பாலும் வார்ப்பிரும்பே. 1974-இல் திருமலைக்கு இரண்டாம் பாதை போட்ட பின் பழைய பாதை இறங்கும் வண்டிகளுக்கே உரியதாயிற்று. அதில் இறங்கும் பஸ்ஸில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் தகதகவெனக் காயும். ஆறும், மீண்டும் காயும். உட்புறத்தில் வலை போல் நுண்விரிசல் விழும். அதை ஒட்டித் தரும்படி கேட்கும் முதலாளியும் உண்டு, ஒட்டித் தரும் பட்டறையும் உண்டு. இருவரும் செய்வது குற்றம். வேகமாய்ச் சுழலும் பிளைவீலும் அப்படியே. ஒட்டுப் போட்ட சக்கரம் சிதறினால் பீரங்கிக் குண்டுக்குச் சமானம். ‘இது ஆகாது, வேறு வாங்குங்கள்’ என்று வந்த காசைத் திருப்பித் தந்து அனுப்பும் கைவினைஞரே எனக்கு இத்தொழிலில் தலையானவராகத் தோன்றுகிறார்.

இனி ராச்சகுன்னேரிக் குழாய்க்கு வருவோம். 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் என்பவர், உருகிய வார்ப்பிரும்பில் சிறிதளவு மக்னீசியம் கலந்தார். கரி செதிலாகப் படியாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டது. கூரிய முனை போயிற்று. விரிசலுக்கு ஏறிச் செல்லப் படியில்லாமற் போயிற்று. 1940களின் முடிவில் இச்செய்தி உலகுக்கு வெளியானது. இன்று பெருநகரங்களின் குடிநீர் இத்தகைய இரும்புக் குழாய்களில் ஓடுகிறது. புதிய வண்டிகளின் பல பாகங்களும் இதனால் ஆனவை. விரிசலின் முனையில் துளையிட்டு அதை வட்டமாக்கி நிறுத்தினாரே நம் பட்டறைக்காரர், அவர் வெளியே செய்ததை மக்னீசியம் இரும்பின் உள்ளேயே கோடிக்கணக்கான இடங்களில் செய்துவிடுகிறது.

ஆனால் முன்பே வார்த்துவிட்ட இரும்பை மாற்ற மக்னீசியத்தால் ஆகாது. ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் வார்த்த பிளாக் செதில் கிராபைட்டோடேதான் இருக்கும், கொதித்தால் விள்ளும். ஏர்பேடு போன்ற ஊரில் அப்படி ஒரு வண்டி நின்றால், புதுப்பேட்டைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். போனாலும் அந்த மாதிரிப் பிளாக் கிடைப்பது நிச்சயம் இல்லை. பட்டறையில் முதலில் ஒரு கந்தைத் துணியும், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயும், சிறிது சுண்ணத்தூளும் எடுத்து வைப்பார்கள். தூளைத் தூவிவிட்டு, கோடு எதுவரை ஓடுகிறது என்று பார்க்கக் காத்திருப்பார்கள்.